சர்க்கரைக் கணக்கு யார் கையில்?

உலகச் சர்க்கரை நோய் நாளான நவம்பர் 14 அன்று ஒவ்வொரு வருடமும் என் வாட்ஸப்பில் ஒரு கதை தவறாமல் வந்துவிடும். கனடாவில் ஒரு பெரிய வார்டு. கட்டில் கட்டிலாக நினைவிழந்து கிடக்கும் சர்க்கரை நோய்க் குழந்தைகள். சாவை எதிர்பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர். டாக்டர்கள் வரிசையாக ஊசி போட்டுக்கொண்டே போகிறார்கள். கடைசிக் குழந்தைக்குப் போட்டு முடிப்பதற்குள் முதல் குழந்தை கண் விழிக்கிறது. அப்புறம் அடுத்தது, அப்புறம் அதற்கடுத்தது. வார்டு முழுக்க ஆனந்தக் கூச்சல். கீழே கைகூப்பும் படம், இரண்டு பூங்கொத்து.

அப்படி ஒரு வார்டுக்கு ஆதாரம் கிடையாது. 1922ல் வரிசையாகப் போட்டுக்கொண்டு போகிற அளவுக்கு இன்சுலின் யார் கையிலும் இருக்கவும் இல்லை.

நடந்தது இதுதான். 1922 ஜனவரி 11, டொரன்டோ பொது மருத்துவமனை. லியனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையன். எடை 65 பவுண்டு, அதாவது 30 கிலோகூட இல்லை. மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த பழுப்பு நிறக் கலங்கல் சாற்றைப் பிட்டத்தின் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக ஏற்றினார்கள். ரத்தச் சர்க்கரை 440லிருந்து 320க்கு இறங்கியது, அவ்வளவுதான். சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் கீட்டோன் என்ற அமிலம் சிறுநீரில் அப்படியே இருந்தது. ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வேறு வந்தது. அத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் ராப்பகலாக உட்கார்ந்து சாற்றைச் சுத்தப்படுத்திக் கொடுத்த பிறகு, ஜனவரி 23 அன்று மறுபடி ஆரம்பித்தார்கள். 520ல் இருந்த சர்க்கரை ஒரே நாளில் 120க்கு வந்தது. பையன் முகம் தெளிந்தது, கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருக்கிறது என்றான்.

எனக்கு இந்த இரண்டாவது கதைதான் பிடிக்கும். வார்டு கதையில் ஒரே ஊசியோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. லியனார்டுக்கு மறுநாளும் ஊசி போட வேண்டியிருந்தது. அதற்கு மறுநாளும். 1935ல் நிமோனியாவில் இறக்கும்வரை போட வேண்டியிருந்தது. உடம்பில் இன்சுலின் சுரப்பே நின்றுபோகும் இந்த வகைக்கு டைப் 1 என்று பெயர். அது என்ன என்று தெரிந்த வீட்டுக்காரர்களுக்கு அந்த மறுநாள்தான் நோயே.

என் தங்கைக்கு எட்டு வயதில் வந்தது. 1986, கோவில்பட்டி. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், பழகிவிட்ட பிள்ளை படுக்கையை நனைத்தாள், பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. முதலில் பார்த்த டாக்டர் வயிற்றில் பூச்சி என்று மருந்து எழுதிக் கொடுத்தார். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அவள் மூச்சில் அழுகிய பழ வாசனை அடித்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு. அன்றிலிருந்து இந்த நோயைப் பற்றிக் கண்ணில் படுவதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடித்தவர்களின் பெயர்களைவிட எனக்கு வேறொரு விஷயம்தான் முக்கியமாகப் படுகிறது. நோயாளியின் சர்க்கரைக் கணக்கை ஒவ்வொரு காலத்திலும் யார் வைத்திருந்தார்கள்? அது எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது?

பழைய கதையைச் சீக்கிரம் கடந்துவிடலாம். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை நம் பழைய வைத்தியர்கள் கவனித்திருந்தார்கள். பிறவியிலேயே வரும் மெலிந்தவர்களின் மதுமேகம் ஒன்று, பருத்தவர்களின் மதுமேகம் இன்னொன்று என்று சுசுருத சம்ஹிதை பிரித்தும் சொல்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க வைத்தியர் அரேட்டியஸ், சதையும் கைகாலும் உருகிச் சிறுநீராக ஓடும் நோய் என்று எழுதிவைத்தார். 1776ல் லிவர்பூலின் மாத்யூ டாப்சன் ஒரு நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, அடியில் நிற்பது சர்க்கரைதான் என்று காட்டினார். இவர்கள் எல்லோரும் நோயை நன்றாகப் பார்த்தவர்கள். யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கணையத்தின் மீது சந்தேகம் உறுதியானது 1889ல், ஸ்ட்ராஸ்பர்க்கில். மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அறுத்து எடுத்தார்கள். அவர்கள் பார்க்க நினைத்தது கொழுப்புச் செரிமானத்தை. ஆனால் ஒழுங்காகப் பழக்கிய அந்த நாய் கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்க ஆரம்பித்தது. மின்கோவ்ஸ்கி சோதித்துப் பார்த்தார், உள்ளே சர்க்கரை. அதற்கு இருபது ஆண்டு முன்பே, 1869ல், பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் கணையத்துக்குள் தனித்தனியாகத் திட்டுத் திட்டாக இருக்கும் செல் கூட்டங்களை வரைந்து வைத்திருந்தார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு, அந்தத் திட்டுகளிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலக்கிறது என்று புரிந்தது. அதைப் பிரித்தெடுக்கப் பலர் முயன்றார்கள். பெர்லினில் சூல்சர், ருமேனியாவில் பௌலெஸ்கு என்று கிட்டத்தட்ட எட்டிப் பிடித்தவர்களும் உண்டு. சர்க்கரையைக் குறைத்த அதே சாறு காய்ச்சலையும் வலிப்பையும் கொண்டுவந்ததால் சூல்சரின் முயற்சி நின்றுபோனது.

இந்த இடைவெளியில்தான் பட்டினி வைத்தியம் வந்தது. இதைப் பற்றி நின்று சொல்ல வேண்டும்.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இருந்த ஃபிரெடெரிக் ஆலன் கண்டிப்பான மனிதர், கெட்டவர் அல்ல. உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாது என்றால், முடிகிற அளவுக்கு மேல் சாப்பாடே கொடுக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. முதலில் முழுப் பட்டினி. சிறுநீரில் சர்க்கரை நின்றதும் கொஞ்சம் காய்கறி, அதுவும் மூன்று முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிய காய்கறி. பிறகு ஒரு முட்டை, துளி கொழுப்பு. சர்க்கரை மறுபடி தலைகாட்டினால் மறுபடி பட்டினி. பாஸ்டனின் எலியட் ஜாஸ்லினும் இதையே பின்பற்றினார். இதனால் குழந்தைகள் சில மாதங்களுக்குப் பதில் ஓரிரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். எலும்பும் தோலுமாக.

ஆலனின் நோயாளிகளில் பார்வை இழந்த 12 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அளந்து அளந்து கொடுத்தும் அவன் சிறுநீரில் சர்க்கரை போகவே இல்லை. எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை. கடைசியில் பையனே ஒப்புக்கொண்டான்: பல் தேய்க்கிற பசையைத் தின்றிருக்கிறான். கேட்டு வாங்கி வைத்திருந்த கேனரிக் குருவியின் கூண்டிலிருந்து அதன் தீனியையும் தின்றிருக்கிறான். ஆலன் இதை மருத்துவக் குறிப்பாகப் பதிவு செய்திருக்கிறார். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பையன் பிழைக்கவில்லை.

அந்தக் காலத்தில் கணக்கு முழுக்க டாக்டர் கையில். நோயாளி வெறும் சந்தேகத்துக்குரிய ஆள். அலமாரியைப் பூட்டி வைக்க வேண்டிய ஆள்.

எலிசபெத் ஹியூஸ் 1919ல் 11 வயதில் ஆலனிடம் வந்தாள். அவளுடைய அப்பா சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் கொஞ்ச நாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சரானவர். பணமோ பதவியோ ஒன்றும் செய்ய முடியாத நோய். மூன்று வருடம் அந்தப் பிள்ளை ஒரு கீரைத்தண்டு கூடுதலாகச் சாப்பிடாமல் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. 15 வயது ஆகப்போகிற சமயம் அவள் எடை 45 பவுண்டு. சுமார் 20 கிலோ. நம் ஊரில் ஆறு வயதுப் பிள்ளையின் எடை.

அந்த மூன்று வருடத்துக்குள் டொரன்டோவில் என்ன நடந்தது என்பது பலருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் மெருகேற்றிய வடிவில். ஃபிரெடெரிக் பான்டிங் கிளினிக் ஓடாமல் கஷ்டப்பட்ட 28 வயது அறுவை மருத்துவர். 1920 அக்டோபர் 31 அதிகாலை இரண்டு மணிக்கு நோட்டில் நாலு வரி கிறுக்கினார். அதில் நோயின் பெயரையே ஸ்பெல்லிங் பிழையோடுதான் எழுதியிருக்கிறார். நாயின் கணையக் குழாயைக் கட்டிவிட்டால் செரிமானச் செல்கள் அழியும், திட்டுகள் மட்டும் மிஞ்சும், அதிலிருந்து சாறு எடுக்கலாம் என்பது யோசனை. பேராசிரியர் மெக்லியட் அரைமனதோடு ஒரு ஆய்வுக்கூடமும் சில நாய்களும் கொடுத்தார். உதவிக்கு ஒரு மாணவர் வேண்டும். சார்லஸ் பெஸ்டும் அவர் நண்பரும் காசு சுண்டிப் பார்த்து பெஸ்ட் வந்தார். 1921 மே மாதம் வேலை தொடங்கியது.

இதில் வேடிக்கை, அந்தக் குழாய் கட்டும் யோசனை தேவையே இல்லை. சில மாதங்களில் முழு மாட்டுக் கணையத்தை ஆல்கஹாலில் ஊறவைத்தாலே போதும் என்று தெரிந்துவிட்டது. உண்மையான கஷ்டம் சுத்தப்படுத்துவதில் இருந்தது. அதைச் செய்தவர் காலிப். எந்த அளவு ஆல்கஹாலில் இன்சுலின் கரைந்து நிற்கிறது, எந்த அளவு தாண்டினால் அடியில் படிகிறது என்ற எல்லையை அவர் பிடித்தார். பிடித்தவர் செய்முறையைச் சொல்ல மாட்டேன் என்று முறுக்கிக்கொள்ள, பான்டிங் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். அதைவிடக் கொடுமை, பெரிய அளவில் செய்யப்போன காலிப்புக்குச் சில வாரங்களில் தன் செய்முறையே கைகூடாமல் போனது. 1922 வசந்த காலத்தில் டொரன்டோவில் இன்சுலின் பஞ்சம். வார்டு கதையில் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

பஞ்சத்தைத் தீர்த்தது எலை லில்லி கம்பெனியின் தொழிற்சாலை. எட்டு அவுன்ஸ் இன்சுலினுக்கு இரண்டு டன் பன்றிக் கணையம் தேவைப்பட்டது. பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரன்டோ பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். 1923ல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மெக்லியடுக்கும் கிடைத்தது. அதிலும் சண்டை. பான்டிங் தன் பங்கில் பாதியை பெஸ்டுக்கும், மெக்லியட் தன் பங்கில் பாதியைக் காலிப்புக்கும் பிரித்துக் கொடுத்தார்கள்.

எலிசபெத் 1922 ஆகஸ்டில் டொரன்டோ வந்து சேர்ந்தாள். கொஞ்ச நாளிலேயே பான்டிங் அவளை ரொட்டி சாப்பிடச் சொன்னார். மூன்று வருடம் கண்ணால் மட்டும் பார்த்த ரொட்டி. அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் சாப்பாட்டைப் பற்றி எழுதித் தீரவில்லை அவளுக்கு. தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றாள். பிறகு கல்லூரிக்குப் போனாள், கல்யாணம் செய்தாள், மூன்று பிள்ளைகள் பெற்றாள், 73 வயதுவரை வாழ்ந்து 1981ல் இறந்தாள். தனக்குச் சர்க்கரை நோய் என்பதை வாழ்நாள் முழுக்க மறைத்தே வைத்திருந்தாள். எனக்கு அது புரிகிறது. பெண் பார்க்க வந்த வீடுகளில் என் அம்மாவும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். தங்கைதான் ஒரே பிடியாக, "சொல்லிட்டுக் கேளுங்க. வேண்டாம்னா போகட்டும்" என்றாள். நாலைந்து பேர் போனார்கள். ஐந்தாமவரோ ஆறாமவரோ போகவில்லை.

ஊசியை நோயாளி கையில் கொடுத்ததுதான் 1922ன் பெரிய மாற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவரை எந்த உயிர்காக்கும் மருந்தையும் பதினைந்து வயதுப் பெண் தன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அளந்து ஏற்றிக்கொண்டதாக நான் படித்ததில்லை. அளவு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. டாக்டரை எல்லா வேளைக்கும் கூட வைத்துக்கொள்ளவும் முடியாது. வேறு வழி இல்லாமல்தான் கொடுத்தார்கள்.

லண்டனில் ராபின் லாரன்ஸ் என்ற இளம் டாக்டருக்கே டைப் 1. வீட்டார் கண்முன்னால் சாக வேண்டாம் என்று இத்தாலியின் ஃபிளாரன்ஸுக்குப் போய்விட்டவர். 1923ல் நண்பரிடமிருந்து தந்தி வந்தது, இன்சுலின் கிடைத்துவிட்டது, உடனே வா என்று. உருக்குலைந்த உடம்போடு கார் ஓட்டிக்கொண்டு ஐரோப்பாவைக் கடந்து வந்தார். பிழைத்து, 1934ல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸோடு சேர்ந்து நோயாளிகளுக்கான சங்கத்தை ஆரம்பித்தார். டாக்டர்கள் நடத்தி நோயாளிகள் கேட்கும் சங்கமாக இல்லாமல், நோயாளிகளும் சமமாக உட்காரும் சங்கம்.

ஈவா சாக்ஸல் கதை இன்னும் ஒருபடி மேலே. செக் நாட்டு யூதப் பெண். நாஜிகளுக்குப் பயந்து கணவர் விக்டரோடு ஷாங்காய் வந்த இடத்தில் டைப் 1 வந்தது. ஜப்பானியர் நகரத்தைப் பிடித்ததும் மருந்துக் கடைகள் மூடின. கள்ளச் சந்தையில் கிடைத்ததை நம்ப முடியவில்லை. கணவனும் மனைவியும் ஒரு மருத்துவப் பாடநூலில் இருந்த பான்டிங், பெஸ்ட் செய்முறையைப் பார்த்து, ஒரு சீன விஞ்ஞானி இடம் கொடுத்த ஆய்வுக்கூடத்தில், எருமைக் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்தார்கள். முயலுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் ஈவாவே தன் மேல் போட்டுப் பார்த்தாள். பழுப்பு நிறத்தில்தான் இருந்தது. வேலை செய்தது. ஊரில் இருந்த மற்ற நோயாளிகளுக்கும் கொடுத்தார்கள்.

இனி எங்கள் வீடு. 1986ல் டைப் 1 பிள்ளை இருக்கும் வீடு எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும், இப்போதைய பிள்ளைகளுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். சமையலறை மூலையில் ஒரு ஸ்பிரிட் விளக்கு, டெஸ்ட் ட்யூப், மரப்பிடி, நீல நிற பெனடிக்ட் கரைசல் ஒரு பாட்டில். கரைசல் 5 மில்லி, அதில் சொட்டு மருந்துக் குழாயால் எட்டுச் சொட்டு சிறுநீர். விளக்கில் காட்டிக் கொதிக்கவிட வேண்டும். குழாயின் வாயை யார் முகத்துக்கும் நேராகக் காட்டக் கூடாது, குபுக்கென்று பொங்கித் தெறிக்கும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். அது என் வேலை. பள்ளிக்கூடம் கிளம்பும் முன் நான் நிறத்தைச் சொல்ல, அப்பா ஒரு டைரியில் எழுதுவார். "இன்னிக்கு என்னலே?" என்று அடுக்களையிலிருந்து ஆச்சி கேட்பாள். "பச்சை, ஆச்சி." "அப்போ ஒரு இட்லி கூட வைக்கலாம்லா?"

கண்ணாடி சிரிஞ்சைச் சின்னப் பாத்திரத்தில் கொதிக்கவைத்து எடுப்போம். ஊசி மழுங்கும்வரை அதேதான். காலையில் சீக்கிரம் வேலை செய்யும் பிளெய்ன் இன்சுலின் கொஞ்சம், மெதுவாக வேலை செய்யும் லென்டே கொஞ்சம், ஒரே சிரிஞ்சில் கலந்து. ஃபிரிட்ஜ் இல்லை. இன்சுலின் குப்பியைப் பவுடர் டப்பாவுக்குள் போட்டு மூடி, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைத்திருந்தோம். மணலில் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். அது அம்மாவின் வேலை. கோடையிலும் அந்த மணலுக்குள் கைவிட்டால் சில்லென்று இருக்கும்.

இரவில் லோ ஆவதுதான், அதாவது ரத்தச் சர்க்கரை ரொம்பக் கீழே இறங்குவதுதான் பயம். உடம்பெல்லாம் வேர்த்து, சம்பந்தமில்லாமல் பேசுவாள், சில நாள் அடிப்பாள். எங்கள் ஊரில் எதற்கும் கடலை மிட்டாய்தானே, ஆரம்பத்தில் அதைத்தான் திணித்தோம். கடலையில் உள்ள கொழுப்பு சர்க்கரையை ரத்தத்துக்குப் போகவிடாமல் தாமதப்படுத்தும், குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் கொடுங்கள் என்று மதுரை டாக்டர் பிறகு சொன்னார். கடலை மிட்டாய் அதற்கப்புறம் தாக்குப்பிடிக்கிற உணவாக இரண்டாவது இடத்துக்குப் போனது.

இவ்வளவு பாடுபட்டும் பெனடிக்ட் நிறத்தை வைத்து எடுத்த முடிவுகள் பாதிக்குப் பாதி குருட்டாம்போக்குதான். ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். அதற்குக் கீழே 150ஆ 50ஆ என்று நீல நிறம் சொல்லாது. மேலே போனதும் சில மணி நேரத்துக்கு முந்தைய சங்கதி. நேற்றைய பேப்பரைப் பார்த்து இன்றைக்குக் குடை எடுப்பது மாதிரி.

இதனால்தான் உலகத்து டாக்டர்களே அரை நூற்றாண்டுக்கு மேல் சண்டை போட்டார்கள். இன்சுலின் வந்து பதினைந்து இருபது ஆண்டு கழித்து, காப்பாற்றப்பட்ட பிள்ளைகளுக்குக் கண் போனது, சிறுநீரகம் போனது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் இதைத் தடுக்கலாம் என்றது ஜாஸ்லின் கட்சி. நியூயார்க்கின் டால்ஸ்டாய் என்ற டாக்டரோ, கீட்டோன் வராமல் பார்த்துக்கொண்டால் போதும், பிள்ளைகளை இஷ்டத்துக்குச் சாப்பிடவிடுங்கள் என்றார். யார் சரி என்று நிரூபிக்க யாரிடமும் கருவி இல்லை. 1993ல்தான் தீர்ப்பு வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 டைப் 1 நோயாளிகளை வைத்துப் பல ஆண்டுகள் நடத்திய டிசிசிடி ஆய்வு, இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கண் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. கூடவே கடுமையான லோ மூன்று மடங்கு ஆனதையும் காட்டியது.

அந்தத் தீர்ப்புக்கு வழி திறந்ததில் ஒரு நோயாளிக்குப் பங்கு உண்டு. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன், 12 வயதில் டைப் 1 வந்த இன்ஜினியர். 1969ல் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் கருவி, எடை மூன்று பவுண்டு, விலை 650 டாலர். இரவில் லேப் மூடிய பிறகு மயங்கி வருபவர் குடிகாரரா சர்க்கரை நோயாளியா என்று மருத்துவமனைகள் பிரித்துப் பார்ப்பதற்காக விற்றார்கள். டாக்டருக்குத்தான் விற்போம் என்றது கம்பெனி. நல்லவேளை, மனைவி டாக்டர். அவர் பெயரில் வாங்கி, ஒரு நாளைக்குப் பலமுறை தன்னையே அளந்து, எதைச் சாப்பிட்டால் எவ்வளவு ஏறுகிறது என்று கண்டறிந்தார். கட்டுரை எழுதி அனுப்பினால் மருத்துவ இதழ்கள் போடவில்லை. வெறும் இன்ஜினியர் பேச்சை யார் கேட்பார்கள்? நாற்பதைத் தாண்டிய வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டர் ஆனார், எழுதியதைப் போட வைப்பதற்காகவே. இந்தப் பிடிவாதம் எனக்கு நன்றாகத் தெரியும், எங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது.

காரணம் பற்றிய கதை தனி. இன்சுலினுக்கு இணங்குபவர்கள், இணங்காதவர்கள் என்று நோயில் இரண்டு வகை இருப்பதை 1936ல் ஹிம்ஸ்வொர்த் லண்டனில் காட்டினார். 1965ல் பெல்ஜியத்தின் கெப்ட்ஸ், நோய் வந்த கொஞ்ச நாளில் இறந்துபோன இளம் வயதினரின் கணையத்தைப் பார்த்தபோது லாங்கர்ஹான்ஸ் திட்டுகளுக்குள் நோயெதிர்ப்புச் செல்கள் புகுந்திருந்தன. 1974ல் பொட்டாசோவும் டோனியாக்கும் நோயாளிகளின் ரத்தத்தில் அந்தத் திட்டுகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளைக் கண்டார்கள். சொந்த உடம்பின் காவல் படையே இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கிறது. சாப்பிட்ட இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

1974ல் தெரிந்த விஷயம் 1986ல் எங்கள் அம்மாவுக்குத் தெரியவில்லை. ஆச்சி, "சீனி மிட்டாய் வாங்கிக் குடுத்தே கெடுத்துட்டே" என்றாள். கோபத்தில் ஒரு தடவை சொன்னதுதான். அம்மா அதைப் பத்து வருடத்துக்கு மேல் சுமந்தாள். தங்கை கல்லூரியில் படிக்கும்போது ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து தமிழில் வாசித்துக் காட்டியபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அப்போ அந்த மதுரை டாக்டர் ஏன் அன்னைக்கே சொல்லல?" என்னிடம் இன்றும் பதில் இல்லை. மருந்து எழுதித் தருவது கடமை, காரணம் சொல்வது உபரி என்று நினைக்கும் டாக்டர்கள் நம்மிடம் அதிகம். சர்க்கரை நோய்க்கென்றே சென்னை ராயபுரத்தில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1954லேயே மருத்துவமனை நிறுவிய மாநிலம் இது. அங்கிருந்து கோவில்பட்டிக்கு அந்த அறிவு வரத்தான் இவ்வளவு நாள்.

பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூ, "ஒரே மாதத்தில் இன்சுலினை நிறுத்தலாம்" வகையறாவை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். டைப் 1 பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாளில் கீட்டோன் ஏறி உயிர் போகும். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

அப்புறம் வந்தவற்றை வேகமாகச் சொன்னால் போதும். 1982ல் பாக்டீரியாவை வைத்துச் செய்த மனித இன்சுலின், 1985ல் பேனா ஊசி, 1996ல் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போட்டாலே வேலை செய்யும் லிஸ்ப்ரோ. வெளிநாட்டுப் புத்தகங்களில் இல்லாத ஒரு தலைவலி மட்டும் நமக்கு உண்டு. இங்கே குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் வருவது 100. சிரிஞ்சிலும் சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. மாற்றி எடுத்தால் இரண்டரை மடங்கு வித்தியாசம். மெடிக்கல் கடையில் மாற்றிக் கொடுத்த சிரிஞ்சைத் தங்கை வாசலிலேயே கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

2013ல் அமெரிக்காவில், நான்கு வயது மகனுக்கு டைப் 1 வந்த ஒரு தகப்பன், தோலில் ஒட்டிய சென்சாரின் எண்ணைத் தன் அலுவலகத்திலிருந்தே பார்க்க விரும்பினார். கம்பெனி அதற்கு வழி வைக்கவில்லை. அவர் மென்பொருள் எழுதத் தெரிந்தவர், கருவியை இணையத்தோடு தானே இணைத்துக்கொண்டார். எழுதியதை மற்ற பெற்றோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அதுதான் நைட்ஸ்கவுட். அதே காலத்தில் டானா லூயிஸ் என்ற டைப் 1 பெண், சென்சாரின் அலாரம் தூக்கத்தில் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டப் போய், கடைசியில் இன்சுலினை உடம்புக்குள் ஏற்றும் பம்ப்பைத் தானாக இயக்கும் மென்பொருளையே நண்பர்களோடு செய்து வெளியிட்டுவிட்டார். கம்பெனி செய்த அப்படிப்பட்ட முதல் கருவிக்கு அனுமதி கிடைத்தது 2016ல்.

இதெல்லாம் காசு இருக்கிற கணக்கு என்பதும் உண்மை. ஒரு டாலருக்குக் கொடுத்த இன்சுலினை வாங்க முடியாமல் 2019ல் அமெரிக்க நோயாளிகள் வண்டி கட்டிக்கொண்டு கனடாவின் லண்டன் நகரத்துக்குப் போனார்கள். பான்டிங் அந்த நாலு வரி எழுதிய வீடு இருக்கும் ஊர். நம் ஊரில் இன்சுலின் அந்த விலை இல்லை, ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு சென்சார் என்பது எத்தனை வீட்டுக்குக் கட்டுப்படியாகும்? தங்கையே எல்லா மாதமும் ஒட்டுவதில்லை. மற்ற நாட்களில் விரலைக் குத்திப் பார்த்துக்கொள்கிறாள்.

2022 நவம்பரில் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆன்டிபாடி வந்து, நோய் இன்னும் வெளியே தெரியாதவர்களுக்குப் போட்டால் நோய் சராசரியாக இரண்டு ஆண்டு தள்ளிப்போகிறது. படித்துவிட்டு உற்சாகமாகத் தங்கைக்குப் போன் பண்ணினேன். "இரண்டு வருஷம்னா சும்மாவா, ஒரு பிள்ளை எட்டு வயசுக்குப் பதிலா பத்து வயசுல ஊசி பழகும்" என்றாள். "எனக்கு இதால ஒண்ணும் பிரயோஜனம் இல்ல, சரி, வை. இன்னொரு கால் வருது."

அந்த இன்னொரு கால் அவளுக்கு வாரத்தில் ஒன்றாவது வரும். அவளுடைய டாக்டர், புதிதாக நோய் தெரிந்த பிள்ளைகளின் அம்மாக்களிடம் அவள் எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறார். போன மாதம் அவள் வீட்டில் இருந்தபோது ஸ்பீக்கரில் கேட்டேன். சாத்தூர்ப் பக்கம் ஒரு அம்மா, ஏழு வயதுப் பையன். அழுகை அடங்கியதும் தங்கை வரிசையாகச் சொன்னாள்: குப்பியை ஃப்ரீசருக்குக் கிட்டே வைக்காதீங்க, உறைஞ்சா வீண். ஒரே இடத்துலயே குத்தாதீங்க, கட்டி விழும், மருந்து இறங்காது. காய்ச்சல், வாந்தின்னா சாப்பிடலையேன்னு ஊசியை நிறுத்திராதீங்க, அப்பதான் கீட்டோன் ஏறும், டாக்டரைக் கூப்பிடுங்க. குளுக்கோஸ் பொடி பையில, சட்டைப் பையில, வண்டியில, மூணு இடத்துலயும் இருக்கணும்.

"அக்கா, பள்ளிக்கூடத்துல டீச்சர்கிட்ட சொல்லணுமா? சொன்னா வேற மாதிரி பாப்பாங்களே" என்றது அந்தக் குரல்.

"டீச்சர்கிட்ட சொல்லுங்க. பி.டி. மாஸ்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, வெளாண்டாதான் லோ ஆகும். பஸ் டிரைவர்கிட்டயும் சொல்லுங்க. பக்கத்து பெஞ்சுப் பையன் பேரு என்ன? அவன்கிட்ட நான் பேசுறேன்."